ரூபனின் தண்ணீர்: நிலையற்ற குணத்துக்கு நீர்தான் அடையாளமா?

வேதவாசகன்:
யாக்கோபு சாகும் தறுவாயில் மூத்த மகன் ரூபனிடம், நீ தண்ணீரைப்போலத் தளும்பினவன், மேன்மை அடையமாட்டாய் என்கிறார் (ஆதியாகமம் 49:4). மனிதரின் குணத்தைச் சொல்ல வேதாகமம் நீரை எடுத்தாளும் இடங்களில் பெரும்பாலும் கண்டனமே கேட்கிறது என்பது என் கருத்து. சந்தேகப்படுகிறவன் காற்றில் அலையும் கடலலைக்கு ஒப்பானவன் (யாக்கோபு 1:6). துன்மார்க்கர் அமர்ந்திருக்க முடியாமல் சேற்றையும் அழுக்கையும் கரையில் ஒதுக்கும் கடல் (ஏசாயா 57:20). ஆயி பட்டணத்தில் தோற்றோடியபோது இஸ்ரவேல் ஜனங்களின் இருதயம் கரைந்து தண்ணீராயிற்று (யோசுவா 7:5). புத்தியுள்ளவன் யார் என்றால் கன்மலையின்மேல் வீடு கட்டியவன். பெருவெள்ளம் மோதியும் அந்த வீடு விழவில்லை (மத்தேயு 7:25). நீர் அசைக்கிறது, கல் தாங்குகிறது. நாம் எதைப்போல் இருக்கவேண்டும் என்பதில் ஐயம் ஏன்?

மறைமாணவி:
சகோதரரே, நீங்கள் காட்டிய வசனங்கள் சரி. விட்டுவிட்ட வசனங்கள்தான் பிரச்சினை. "நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது" என்று ஆமோஸ் முழங்குகிறாரே (5:24), அந்த நதி ஓடாமல் நின்றால் நீதி ஏது? கல்லையும் நீரையும் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள். ஜனங்கள் தாகத்தால் தவித்தபோது ஓரேபில் மோசே அடித்த கன்மலையிலிருந்துதானே தண்ணீர் புறப்பட்டது (யாத்திராகமம் 17:6)?

யோபு 6ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களை யோபு காட்டாறு என்கிறார். குளிர்காலத்தில் பனியும் பனிக்கட்டியும் கலந்து அது நிரம்பி ஓடும். வெப்பம் வந்ததும் இருந்த இடம் தெரியாமல் வற்றிப்போகும். தேமாவின் பயணிகளும் சேபாவின் கூட்டத்தாரும் அதை நம்பி வழிவிலகி வருகிறார்கள். வந்து பார்த்துக் கலங்கிப்போகிறார்கள். இங்கே யோபு எதற்காகக் கோபப்படுகிறார்? ஆறு ஓடியதற்கா? தேவைப்பட்ட நேரத்தில் அது இல்லாமற்போனதற்குத்தான். கள்ளப்போதகரை "தண்ணீரில்லாத கிணறுகள்" என்று 2 பேதுரு 2:17 சொல்வதும் இதே கோபத்தில்தான். இந்த இடங்களில் குற்றம் நீரின் அசைவில் இல்லை. தாகத்தோடு வந்தவனை ஏமாற்றியதில் இருக்கிறது. என் வாதம் இவ்வளவுதான்.

வேதவாசகன்:
அழகாகச் சொன்னீர்கள் சகோதரி. ஆனாலும் ஏற்க முடியவில்லை. யூதா நிருபத்தையே பாருங்கள். 12ஆம் வசனத்தில் தண்ணீரற்ற மேகங்கள் என்று சபைக்குள் நுழைந்த துன்மார்க்கரைக் கண்டிக்கிறார். அடுத்த வசனத்திலேயே, தங்கள் அவமானங்களை நுரைதள்ளும் அமளியான கடலலைகள் என்கிறார். நீர் இல்லாததும் குற்றம், அடங்காததும் குற்றம். நீங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கன்மலையைக் குறிப்பிட்டதால் கேட்கிறேன். காதேசில் நடந்தது என்ன (எண்ணாகமம் 20)? கன்மலையைப் பார்த்துப் பேசு என்று கட்டளை. மோசே கோபத்தில் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் ஏராளமாய் வந்தது. சபையும் மிருகங்களும் குடித்தன. ஒருவர் தாகமும் தீராமல் போகவில்லை. இருந்தும் அதற்குத் தண்டனையாக மோசே வாக்களிக்கப்பட்ட கானானுக்குள் போகவில்லை. தாகம் தீர்ப்பதுதான் அளவுகோல் என்றால் இந்தத் தீர்ப்பை எப்படி விளக்குவீர்கள்?

பழைய ஏற்பாட்டுப் பிரியன்:
ரூபனின் வாழ்க்கையைப் பார்க்காமல் அவன்மேல் சொல்லப்பட்ட உவமையை மட்டும் வைத்து வாதாடுகிறோம். தகப்பனின் மறுமனையாட்டி பில்காளோடு அவன் செய்த பாவத்தை (ஆதியாகமம் 35:22) நான் மழுப்பவில்லை. ஆனால் தம்பி யோசேப்பைக் கொல்லப் பார்த்த சகோதரரைத் தடுத்தவனும் அவனே. குழியில் போடுங்கள் என்றான். பிறகு தூக்கியெடுத்து அப்பாவிடம் சேர்க்க நினைத்தான். அந்தக் குழி தண்ணீரில்லாத வெறுங்குழி என்று வசனம் குறிப்பிடுகிறது (37:24). தண்ணீர் இருந்திருந்தால் யோசேப்பு பிழைத்திருப்பானா? ரூபன் திரும்பி வருவதற்குள் தம்பியை விற்றுவிட்டார்கள். அவன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு புலம்புகிறான். இவனுக்குள் இரக்கம் இருந்தது. யாக்கோபின் ஒரே வரியை வைத்து அவனை முழுவதும் எடைபோடுவது நியாயமாகத் தெரியவில்லை.

வேதவாசகன்:
இரக்கம் இருந்தது, நிலைக்கவில்லை. தளும்பல் என்று நான் சொல்வது இதைத்தான். காரியம் முடியும்வரை அவன் அங்கே நிற்கவில்லை. பின்பு கடைசித் தம்பி பென்யமீனை எகிப்துக்கு அழைத்துப்போக ரூபன் பிணையாக வைத்தது தன் இரண்டு பிள்ளைகளின் உயிரை (42:37). இன்னொரு சகோதரன் யூதா தன்னையே பிணையாக வைத்தான், எகிப்தில் அதிபதியாகிவிட்ட யோசேப்பின் முன் நின்று அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தான். நியாயாதிபதி தெபொராளின் வெற்றிப் பாட்டிலும் ரூபன் கோத்திரம் மனவிசாரங்களில் மூழ்கி ஆட்டுத்தொழுவங்களிடையே தங்கிவிட்டதாகவே வருகிறது (நியாயாதிபதிகள் 5:15-16). தகப்பன் சொன்னது தலைமுறைகள் தாண்டியும் பொருந்துகிறது.

மறைமாணவி:
யூதாவின் ஒப்பீடு வலுவானது. ரூபனைப் பற்றிய உங்கள் கணிப்பை நான் மறுக்கவில்லை. மோசேயைப் பற்றிக் கேட்டதற்குப் பதில்: அந்தத் தண்ணீர் மோசேயுடையது அல்ல. "நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ" என்று அவர் பேசியபோது கொடுப்பவரின் இடத்தில் தம்மை நிறுத்தினார். கர்த்தரை ஜனங்களின் கண்முன் பரிசுத்தம்பண்ணவில்லை என்பதே அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. ஜனங்களின் தாகத்தைக் கர்த்தர் அதற்காகத் தண்டிக்கவில்லை. எரேமியாவும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்: ஜீவத்தண்ணீர் ஊற்றை விட்டுவிட்டு, நீர் தங்காத வெடிப்புள்ள தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் (2:13). தொட்டி பாறையில் வெட்டப்பட்டதுதான். அசையாமல் அங்கேயே இருக்கிறது. இருந்தும் அதில் ஒன்றுமில்லை. அசையாமல் இருப்பதே நற்குணம் என்றால் இந்தத் தொட்டிகளை எங்கே வைப்பீர்கள்?

யூதா நிருபம் சொல்லும் அலைகளையும் பாருங்கள். அவை கரையில் தள்ளுவது நுரை. அதைக் குடிக்க முடியாது. ஆனால் தம்மை விசுவாசிக்கிறவனுடைய உள்ளத்திலிருந்து ஜீவத்தண்ணீருள்ள நதிகள் ஓடும் என்று இயேசு சொன்னாரே (யோவான் 7:38), அதுவும் மனிதரைப் பற்றிய உவமைதான். உங்கள் பட்டியலில் அந்த வசனம் ஏன் இல்லை?

வேதவாசகன்:
அது ஆவியானவரைக் குறித்துச் சொன்னது என்று அடுத்த வசனமே விளக்குகிறது. மனிதனின் சொந்தக் குணத்தைப் பற்றி அல்ல.

மறைமாணவி:
அந்த ஆவியின் கனிதானே அன்பும் நீடிய பொறுமையும் இச்சையடக்கமும் (கலாத்தியர் 5:22-23)? அவை குணம் இல்லை என்றால் எதைக் குணம் என்கிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லுங்கள், மேலே பேசலாம்.