ஏடபிள்யூடி காருக்கு "3 சதவீதம் ஓகே"ன்னு சொல்றவங்க தயவுசெய்து நிறுத்துங்க

காக்கிபுக்கிட்காரன்:
நேத்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சுபாரு ஃபாரஸ்டர், நாலு சக்கரத்துக்கும் இழுவை போற ஏடபிள்யூடி கார், 17 இஞ்ச் ரிம், முன்னாடி ரெண்டு டயரும் தேய்ஞ்சு போச்சு, பின்னாடி ரெண்டும் பாதி இருக்கு, என்ன பண்றதுன்னு. அதுக்கு பீஷான் டர்போ கொடுத்த பதில் இது: "முன்னாடி மட்டும் 235/60 ஆர் 17 போடு தம்பி, பார்க்கவும் கம்பீரமா இருக்கும். 3 சதவீதத்துக்குள்ளதான் வருது, ஒண்ணும் ஆகாது." இதைப் படிச்சதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

கணக்கு போடுறேன், பாருங்க. கம்பெனி அளவு 225/60 ஆர் 17, அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதுல 60 சதவீதம், ரிம் 17 இஞ்ச். புதுசா இருக்கும்போது விட்டம் 701.8 மி.மீ. பின்னாடி 4 மி.மீ. தேய்ஞ்சிருக்குன்னா 693.8. முன்னாடி புது 235/60 போட்டா 713.8. வித்தியாசம் 20 மி.மீ., அதாவது 2.9 சதவீதம். சுற்றளவுல பார்த்தா கிட்டத்தட்ட 63 மி.மீ. சுபாரு அமெரிக்காவுல சொல்லியிருக்கிறது என்ன தெரியுமா? நாலு டயருக்குள்ள சுற்றளவு வித்தியாசம் கால் இஞ்சைத் தாண்டக் கூடாது. கால் இஞ்ச்னா 6.4 மி.மீ. இவர் சொன்னது அதுக்குப் பத்து மடங்கு!

அந்த 3 சதவீதக் கணக்கு, நாலு டயரையும் மொத்தமா வேற சைஸுக்கு மாத்தும்போது வேக மீட்டர் ரொம்பத் தப்பாக் காட்டாம இருக்க. ஒரே கார்ல முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல இல்லை.

பீஷான் டர்போ:
2.9ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. 2.9 பெருசா, 3 பெருசா? 3-க்குள்ளதானே வருது? நான் சொன்னதும் அதானே அண்ணே?

காக்கிபுக்கிட்காரன்:
எதோட எதை ஒப்பிடுறோம்ங்கிறதுதான் விஷயமே. மேல கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படிங்க.

பீஷான் டர்போ:
படிச்சேன். 2.9. 3-க்குள்ள.

சரி, பெட்ரோல் போர்ஷே மக்கான் ஏடபிள்யூடிதானே? முன்னாடி 235/60 ஆர் 18, பின்னாடி 255/55 ஆர் 18. நிசான் ஜிடி-ஆரும் ஏடபிள்யூடிதான். முன்னாடி 255/40, பின்னாடி 285/35. ஜெர்மன்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?

காக்கிபுக்கிட்காரன்:
அந்த ரெண்டையும் விட்டம் போட்டுப் பார்த்தீங்களா? மக்கான் முன்னாடி 739.2, பின்னாடி 737.7. ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! அகலம்தான் வேற, உருளுற அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஜிடி-ஆர் 712-ம் 707.5-ம். அதுவும் ஒரு சதவீதம்கூட இல்லை, அந்த அளவுக்குன்னே கட்டின வண்டி. நீங்க ஃபாரஸ்டர்ல 20 மி.மீ. வைக்கச் சொல்றீங்க.

பீஷான் டர்போ:
ஆக முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ் போடலாம்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

தெம்பனீஸ் அக்கா:
நான் சுபாரு எக்ஸ்வி ஓட்டுறேன், ஆறு வருஷமா. முன்னாடி பின்னாடி சண்டையை விடுங்க, இந்த ஊர் மழையை யாராவது யோசிச்சீங்களா? நம்ம சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலையில மதியம் மூணு மணிக்குக் கொட்டுதே, அப்போ அகல டயர் தண்ணி மேல மிதக்கும். கம்பீரம்னு சொல்லி அகலத்தைக் கூட்டாதீங்க. நான் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னதைப் பின்னாடி மாத்திடுவேன், அதனால நாலும் ஒரே மாதிரி தேயும். மாத்தினா நாலையும் சேர்த்துத்தான். செலவுதான், ஆனா நிம்மதி.

பீஷான் டர்போ:
அக்கா, மிதக்கிற கதையெல்லாம் வேகமாப் போறவங்களுக்கு. நீங்க எப்படியும் இடது லேன்லதான் போவீங்க, கவலைப்படாதீங்க.

தெம்பனீஸ் அக்கா:
நான் எந்த லேன்ல போறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நாலு டயரைப் பத்திக் கேட்டா என் ஓட்டத்தைப் பத்திப் பேசுறீங்க. போன வருஷம் பேட்டரி பேச்சுலயும் இதையேதான் செஞ்சீங்க, நான் மறக்கல.

பழைய லெகசி:
தம்பிகளா, என் முதல் சுபாரு தானியங்கி கியர் லெகசி. பானெட்டைத் திறந்தா எஃப்டபிள்யூடின்னு (முன்சக்கர இழுவை) ஒரு ஃபியூஸ் சொருகுற இடம் காலியா இருக்கும். சின்ன ஸ்பேர் டயர் போட்டா அங்க ஒரு ஃபியூஸைச் சொருகிட்டுத்தான் ஓட்டணும், பின் சக்கரத்துக்குப் போற இழுவை நின்னுடும். டயர் அளவு மாறினா பின்னாடிக்கு இழுவை அனுப்புற கிளட்ச் கெடும்னு கம்பெனிக்காரனே யோசிச்சு வச்சது அது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

பீஷான் டர்போ:
ஸ்பேர் டயர் 3-க்கு மேல மாறும் அங்கிள். நான் சொல்றது 3-க்குள்ள.

உட்லண்ட்ஸ்வாசி:
எதுக்கு இவ்வளவு பேச்சு? எல்லை தாண்டி ஜேபி (ஜோகூர் பாரு) போங்க, நாலு டயர் போடுங்க, அலைன்மென்ட் பாருங்க, அப்படியே சாப்பிட்டு வாங்க. இங்க ரெண்டு வாங்குற காசுக்கு அங்க நாலு வரும்.

செம்பவாங் சாரதி:
ஜேபில வாங்குனா தேதியைப் பாருங்க. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319னா 2019-ஆம் வருஷம் 23-வது வாரம். எனக்குப் புது டயர்னு சொல்லி மூணு வருஷப் பழசை மாட்டி விட்டாங்க.

உட்லண்ட்ஸ்வாசி:
பார்க்காம வாங்கினது உங்க தப்பு. கடை மேல ஏன் பழி?

செம்பவாங் சாரதி:
கூட வந்து நல்ல கடைன்னு சொன்னதே நீங்கதானே?!

காக்கிபுக்கிட்காரன்:
ஜேபி கதையைத் தனியா வச்சுக்கோங்க. நான் ஏன் இவ்வளவு கத்துறேன்னு சொல்றேன். என் முதல் ஃபாரஸ்டர் செகண்ட்ஹேண்டா வாங்கினது. முன்னாடி ஆணி குத்திச்சு. ஒர்க்‌ஷாப்காரர், பேர் வேண்டாம், "ரெண்டு மட்டும் மாத்தினாப் போதும் பாஸ்"னார். நானும் தலையாட்டினேன். மூணு மாசம் கழிச்சு வீட்டுப் பல மாடிக் கார்பார்க்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா வண்டி தத்தித் தத்திப் போகுது, யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி. சிவிடிங்கிற தானியங்கி கியர் வச்ச ஃபாரஸ்டர்ல பின் சக்கரத்துக்கு இழுவை அனுப்புறது எண்ணெயில ஊறின பல தட்டு கிளட்ச். முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்தினா அந்தத் தட்டுங்க ஓயாம உரசும், சூடாகும், எண்ணெய் கருகும். நேர் ரோட்டுல போனாலும் உரசல்தான். இவர் சொன்ன சைஸ் வச்சா ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 13 சுற்று வித்தியாசம். கோலாலம்பூருக்கு 350 கிலோமீட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள நாலாயிரத்து ஐந்நூறு சுற்று! அந்த ரிப்பேருக்கு எனக்கு நாலாயிரம் வெள்ளிக்கு மேல போச்சு. ரெண்டு டயர் காசை மிச்சம் பிடிச்சு நாலாயிரம் கொடுத்தேன். அந்தத் தம்பிக்கும் இதே ஆகணுமா?

பீஷான் டர்போ:
செகண்ட்ஹேண்ட் வண்டின்னு நீங்களே சொல்றீங்க. முன்னாடி வச்சிருந்தவர் எண்ணெய் மாத்தினாரோ இல்லையோ. பழியை டயர் மேல போடுறீங்க. என் வண்டியில ரெண்டு வருஷமா முன்னாடி பின்னாடி வேற பிராண்ட், ஒரு சத்தம் இல்லை. 3 சதவீதம்ங்கிறது உலகம் பூரா சொல்றது.

தோபாயோ தமிழன்:
ஒரு சின்ன விண்ணப்பம். சிங்கப்பூர்ல நாம "விழுக்காடு"ன்னுதான் எழுதுவோம். செய்தித்தாள்லயும் அப்படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் படிக்கிற இடம் இது.

பீஷான் டர்போ:
3 விழுக்காடு. இப்போ சரியா? இப்பவும் 2.9 அதுக்குள்ளதான்.

காக்கிபுக்கிட்காரன்:
உங்க வண்டி முன்சக்கர இழுவைன்னு போன மாசம் நீங்களே போட்டோ போட்டீங்க! அதுல எந்த நடு கிளட்ச் இருக்கு உரசுறதுக்கு? அதை வச்சு ஏடபிள்யூடிகாரருக்குப் புத்தி சொல்றீங்களா?

பீஷான் டர்போ:
அது மனைவி வண்டி.

புது ஃபாரஸ்டர்:
நான்தான் நேத்து கேட்டது. எல்லா அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. நாலும் மாத்துறதா இருந்தா 18 இஞ்ச் ரிம் ஒரு செட் கிடைக்குது, பழைய ஃபாரஸ்டர்ல இருந்து கழட்டினது. சேருமா?

காக்கிபுக்கிட்காரன்:
உங்களது 2018-ல வந்த புது மாடலோ அதுக்கு அப்புறம் வந்ததோன்னா சேராது தம்பி. பழசு பிசிடி (போல்ட் எண்ணிக்கையும் அது இருக்கிற வட்டத்தோட விட்டமும்) 5×100, உங்களது 5×114.3. போல்ட்டே உள்ள போகாது. 18 வேணும்னா 225/55 ஆர் 18, விட்டம் 704.7, கம்பெனி அளவை ஒட்டித்தான் வரும். ரிம் அகலம் 7 இஞ்ச் (7ஜே), ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ள தள்ளி உக்காருதுங்கிறது, 48 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கணும். நடு ஓட்டை 56.1 மி.மீ., பெருசா இருந்தா வளையம் போடணும். ஆஃப்செட்டைக் குறைச்சு டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டினா இன்ஸ்பெக்‌ஷன்ல திருப்பி அனுப்பிடுவாங்க.

செம்பவாங் சாரதி:
ரிம்முக்குப் பின்னாடி 5 மி.மீ. ஸ்பேசர் தட்டு போட்டு வெளியே தள்ளியும் நான் பாஸ் ஆகியிருக்கேன்.

பழைய லெகசி:
ஸ்பேசரைப் பத்திப் பெருமையா பேசாதே தம்பி, ஆபத்து.

செம்பவாங் சாரதி:
உங்க காலம் வேற அங்கிள்.

காக்கிபுக்கிட்காரன்:
ஸ்பேசர் சண்டை வேண்டாம். பீஷான் டர்போவுக்கு ஒரே ஒரு கேள்வி. ஞாயித்துக்கிழமை காலைல துணிக்கடை டேப்பும் சாக்பீஸும் எடுத்துட்டு வரேன். அந்தத் தம்பி வண்டியில பின் டயரைச் சுத்தி அளப்போம், கடையில புது 235/60-ஐச் சுத்தி அளப்போம். 60 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா அந்தப் பதிலை நீக்குவீங்களா?

பீஷான் டர்போ:
அளங்க. 60 இருந்தாலும் அது 3-க்குள்ளதான்.

காக்கிபுக்கிட்காரன்:
எதோட 3? எதோட?!

பீஷான் டர்போ:
ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம்.