நெப்டியூன் கடை கைமாறியபோது: போல்டர் பாறையேறிகளின் அனுபவங்கள்

கொலராடோவின் போல்டர் நகரில் பாறை ஏறியவர்களுக்கு நெப்டியூன் மவுண்டனியரிங் கடையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1983-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட கேரி நெப்டியூன், அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1973-ல் தொடங்கிய மலையேற்றக் கருவிக் கடை அது. 2013-ல் அதை டெக்சாஸைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு விற்றார். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் குழுவில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நாற்பது ஆண்டு கடை நடத்தியவருக்கு ஓய்வெடுக்க முழு உரிமை உண்டு. கல்லாவுக்கு அந்தப் பக்கம் இனி யார் நிற்பார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. படிக்க வந்த புதிதில், போல்டருக்கு அருகே உள்ள எல்டொராடோ கேன்யன் பாறைகளில் ஏறும் ஆசையில், காம் (விழுந்தால் தாங்குவதற்காகப் பாறை விரிசலில் செருகிக் கயிற்றை மாட்டும் கருவி) ஒரு முழு செட் வாங்க அங்கே போனேன். விற்பனையாளர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “யாரோடு ஏறுகிறீர்கள்?” என்று கேட்டார். நண்பனோடு, அவனும் புதியவன்தான் என்றேன். ஒரு காமை எடுத்து இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து இழுத்துக் காட்டினார். கீழே இழுக்க இழுக்க அது பக்கவாட்டில் விரிந்து சுவர்களை அழுத்துகிறது. அந்தச் சுவர் உறுதியாக இல்லாவிட்டாலோ, விரிசல் கீழே போகப் போக அகன்றாலோ பிடிக்காது. நட் என்ற உலோகத் துண்டு அப்படியல்ல, விரிசல் குறுகும் இடத்தில் ஆப்புப்போல் இறுகிக்கொள்வது. “ஒரு பருவம் முழுக்க அனுபவசாலி ஒருவருக்குப் பின்னால் ஏறுங்கள். அவர் வைத்தவற்றை நீங்கள் கழற்றிக்கொண்டே போங்கள். எது சரியாக உட்கார்ந்திருந்தது, எது சும்மா தொங்கியது என்று விரல்களுக்கே தெரிந்துவிடும். பிறகு வாருங்கள்” என்றார். அன்று நான் வாங்கியது நட் கழற்றும் கொக்கி ஒன்றுதான்.

பல நூறு டாலர் வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிவு, சம்பளத்துக்கு நிற்பவருக்கு எளிதில் வராது. முதலாளியும் கயிற்றில் தொங்கியவராக இருந்தால்தான் வரும் என்பது என் எண்ணம். உங்களுக்கு அங்கே நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

அண்ணா, எனக்கு நடந்தது கயிற்றைப் பற்றியது. கயிற்றின் ஒரு முனைக்கு அருகே தொட்டால் மெத்தென்று இருந்தது. அங்கே எடுத்துக்கொண்டு போனேன். ஓர் ஊழியை முழுக் கயிற்றையும் கைகளுக்கு இடையே ஓடவிட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் மடித்தபோது வளையாமல் சப்பையாக மடங்கியது. உள்நரம்பு சேதமாகிவிட்டது என்றார். அந்தத் துண்டை மட்டும் வெட்டினால் மீதியைப் பயன்படுத்தலாமே என்றேன். வெட்டலாம், ஆனால் ஒரு முனையை மட்டும் வெட்டினால் கயிற்றின் சரிபாதியைக் காட்டும் நடுக்குறி நடுவில் இருக்காது, அதை நம்பிக் கயிற்றை இரண்டாகத் தொங்கவிட்டு இறங்கும்போது ஒரு பக்கக் கயிறு தரையை எட்டாமல் முடிந்துவிடும் என்றார். இறங்குவதற்கு முன் இரண்டு முனைகளிலும் முடிச்சுப் போடும் பழக்கம் அன்றிலிருந்துதான் எனக்கு வந்தது. நான் கேட்ட நீளத்தில் புதுக் கயிறு அங்கே இருப்பில் இல்லை. வேறு கடைக்குப் போகும் வழியை அவரே சொல்லி அனுப்பினார்.

மாலை நேரத்தில் மலையேறிகள் படம் காட்டிப் பேசும் நிகழ்ச்சிகளையும் யாராவது எழுத வேண்டும். தரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

* * *

எல்லாம் சரிதான். ஆனால் கடை தடுமாறியதற்கான பழியை, அதை வாங்கிய நிறுவனத்தின் தலையில் மட்டும் போடாதீர்கள். ஏறுகாலணியை அங்கே அரை மணி நேரம் போட்டுப் பார்த்து, அளவு தெரிந்ததும் இணையத்தில் மலிவாக வாங்கியவர்கள் நம் நடுவிலேயே நிறையப் பேர். காலணி அளவுக்கு விடை சொல்லும் அந்த அரை மணி நேரத்துக்கும் ஒருவர் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. யார் முதலாளியானாலும் இந்தக் கணக்கு மாறாது.

* * *

தம்பி சொன்ன கணக்கை நானும் ஒப்புக்கொள்கிறேன். 2017-ல் கடன் முற்றி, இடத்தைக் காலி செய்ய வேண்டிய நிலை வரை போனது. அந்த ஆண்டே ஆண்ட்ரூ டன்பாரும் ஷெல்லி டன்பாரும் கடையை வாங்கினார்கள். போல்டரில் இருந்தபடியே மலையேற்ற, முகாம் பொருட்கள் செய்யும் சீ டு சம்மிட் நிறுவனத்தின் அமெரிக்க விற்பனையை நடத்தியவர்கள் அவர்கள். கைமாறுவது என்றாலே அழிவு என்று பேசுவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். விற்பனை இரண்டு முறை நடந்தது; இரண்டாவதில்தான் கடை பிழைத்தது.

என் அச்சம் முழுவதும் கேரி சேர்த்துவைத்த அருங்காட்சியகத்தைப் பற்றியது. பழைய பனிக்கோடரிகள், ஆணி அடித்த பூட்ஸ், மரச் சறுக்குப் பலகைகள் எல்லாம் எங்கே போகுமோ என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளை அழைத்துப் போனேன். கடையைப் புதுப்பித்து, காபிக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பழைய பொருட்கள் அங்கேயே இருந்தன. இந்தக் கனமான பூட்ஸைப் போட்டுக்கொண்டு எப்படி ஏறினார்கள் என்று அவள் கேட்டாள். பக்கத்தில் ரசீது போட்டுக்கொண்டிருந்த பையன் வேலையை நிறுத்திவிட்டு வந்து பதில் சொல்லத் தொடங்கினான்.