என்ரோல்ட் ஆக்சுவரி விண்ணப்பம்: சான்றுக் கையெழுத்து வாங்கிய அனுபவங்கள்

நள்ளிரவு_எக்செல்

அமெரிக்காவில் பென்ஷன் பிளான்களின் கணக்குக்குச் சட்டப்படி சான்று தரும் என்ரோல்ட் ஆக்சுவரி ஆவதற்கான இஏ-1, 2எல், 2எஃப் தேர்வுகள் மூன்றும் தேறியாயிற்று. பதிவு தரும் ஜாயிண்ட் போர்டு கேட்கும் 36 மாத அனுபவமும் தாண்டியாயிற்று. விண்ணப்பப் படிவம் 5434-க்கு மேலாளரின் சான்று மட்டும்தான் பாக்கி என்று அவர் அறைக்குப் போனேன்.

அவர் படிவத்தைத் தொடவே இல்லை. ஓர் ஆலையின் பென்ஷன் பிளானுக்கு நான் தயாரித்த வேல்யூவேஷன் (கடன், சொத்து மதிப்பீடு) அறிக்கையைத் திறந்து, எந்த வயதில் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்று அனுமானிக்கும் ஓய்வு விகித அட்டவணையில் விரலை வைத்தார். "62 வயதில் 20 சதவீதம். யார் முடிவு செய்தது?" போன வருஷ அறிக்கையில் இருந்தது என்றேன். "இந்த ஆலையில் ஆட்கள் உண்மையிலேயே 62-இல் போகிறார்களா?" அதைப் பார்க்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதில்லை என்றேன்.

பேனாவை எடுத்தார். நான் எழுதியிருந்த மாதக் கணக்கை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் ஏறக்குறைய அதில் பாதியை எழுதினார். "இவ்வளவுக்குத்தான் என்னால் சான்று தர முடியும்."

நார்மல் காஸ்ட் (அந்த வருஷம் சேரும் பலனின் செலவு), லாப நஷ்டப் பகுப்பாய்வு, அரசுக்குத் தரும் ஷெட்யூல் எஸ்பி படிவத்தின் வரைவு எல்லாம் என் கையால்தான் போயின. முடியாது என்று திருப்பியிருந்தால்கூடக் கோபம் ஆறியிருக்கும். அந்தக் கோடுதான் ஆற விடவில்லை.

மஞ்சள்_மண்டலம்

உங்களுக்காவது மேலாளர் பக்கத்து அறையில் இருந்தார். என்னுடையவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார். என் மாதங்களில் பெரும்பகுதி அவருக்குக் கீழேதான். தயங்கித் தயங்கி அழைத்தேன். நலம் விசாரித்தார், அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி: "அந்தத் தொழிற்சங்கப் பிளான் இந்த வருஷமும் சிவப்பு மண்டலம்தானா?" நிதி நிலை மிக மோசமான பிளானைத்தான் அப்படிச் சொல்வோம்.

அந்தப் பிளானின் வேலையை அவருடைய புது நிறுவனம் குறிவைத்திருப்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். என் படிவம் அவர் கையில். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் "சரி, படிவத்தை அனுப்பு" என்று வைத்துவிட்டார்.

சான்று வந்தது. கூடவே ஒரு முழுப் பக்கம்: எந்தெந்தப் பிளானில் எந்த அனுமானத்தை நான் கேள்வி கேட்டேன், எதை மாற்ற வைத்தேன் என்று. பாதி எனக்கே மறந்துபோனவை. இப்படி எழுதத் தெரிந்த மனிதர் அந்தக் கேள்வியை ஏன் கேட்டார், தெரிந்தே கேட்டாரா? இன்றுவரை பிடிபடவில்லை.

கூட்டுவட்டி

முதல் பதிவர் மன்னிக்க வேண்டும், உங்கள் மேலாளர் செய்தது சரி. விதியில் இருப்பது வெறும் அனுபவம் இல்லை, பொறுப்புள்ள அனுபவம். தேர்ந்தெடுத்த முறைகளும் அனுமானங்களும் சூழ்நிலைக்குப் பொருத்தமா என்று தீர்மானிப்பதில் உங்களுக்குப் பங்கு இருக்க வேண்டும், மாற்று வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். போன வருஷக் கோப்பை நகலெடுத்துத் தேதி மாற்றுவது இதில் எங்கே வருகிறது?

இனிச் செய்ய வேண்டியது: ஒவ்வொரு வேல்யூவேஷன் முடிந்ததும் ஒரு குறிப்பு எழுதுங்கள். வட்டிக்கு மூன்று செக்மென்ட் விகிதமா (காலத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம்), முழு ஈல்ட் கர்வா (ஒவ்வொரு காலத்துக்கும் தனி விகிதம்), ஏன்? பணியிலிருந்து விலகும் விகிதம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா? மாதப் பென்ஷனுக்குப் பதில் லம்ப்சம் (மொத்தத் தொகை) எடுப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று வைத்தீர்கள்? நஷ்டம் வந்தால் அது சொத்தின் பக்கமா, ஆட்களின் பக்கமா? அந்தக் குறிப்பில் மேலாளரிடம் அப்போதே முதலெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. வேலை மாறும் கடைசி நாளில் அதுவரையிலான மாதங்களுக்குச் சான்று வாங்காமல் வெளியே வராதீர்கள். இதற்கு முன் ஆயுள் காப்பீட்டில் ஆக்சுவரி வேலை பார்த்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு: மொத்தம் 60 மாதம், அதில் பென்ஷன் 18 மாதம் இருந்தால் போதும். அவசரப்படாமல் இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆழமாக வேலை பாருங்கள், அப்புறம் விண்ணப்பிக்கலாம்.

என் கதையா? கையெழுத்து கேட்டேன், போட்டார்கள்.

நள்ளிரவு_எக்செல்

கேட்டவுடன் போட்டார்களாம். உங்கள் குறிப்பேட்டை அவர்கள் பார்த்தார்களா என்று மட்டும் சொல்லுங்கள். காப்பீட்டுப் பக்கம் நான் தலைவைத்ததே இல்லை. அனுமானம் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு ஜூனியர்களை உள்ளே விடாமல், பிறகு தேர்ந்தெடுத்தாயா என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? என் சண்டை விதியோடு இல்லை.

ஏழாம்_தசமம்

விண்ணப்பம் எனக்குச் சுலபமாகத்தான் முடிந்தது. நான் சொல்ல வந்தது பதிவு எண் கைக்கு வந்தபிறகு நடந்தது. முதன்முதலாக என் பெயரில் ஏஎஃப்டாப் சான்று, அதாவது பிளானின் கடனில் எத்தனை சதவீதத்துக்குச் சொத்து இருக்கிறது என்ற சான்று. கணக்கு 79.63 என்று நின்றது. வாடிக்கையாளரின் நிதித் தலைவர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே, "அதான் 80 ஆயிற்றே!" என்றார்.

80-க்குக் கீழே போனால் வரிச் சட்டத்தின் 436-ஆம் பிரிவின்படி லம்ப்சம் முழுதாகத் தர முடியாது, பலனை உயர்த்தும் திருத்தமும் நிற்கும். அந்த மாதம் ஓய்வு பெறவிருந்தவர்கள் இருந்தார்கள். சான்றே தராமல் இழுத்தடிக்கவும் முடியாது. காலண்டர் வருஷப் பிளானுக்கு அக்டோபர் 1 தாண்டினால் 60-க்கும் கீழே என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஷெட்யூல் எஸ்பியில் இரண்டு தசமத்துக்குப் பிறகு வெட்டத்தான் வேண்டும், ஏற்றி எழுத வழியில்லை என்றேன். மறுமுனையில் சிரிப்பு நின்றது. "போன ஆக்சுவரி இப்படிப் பேசமாட்டார்." என் மேலாளரும் அதே அழைப்பில்தான் இருந்தார், வாயே திறக்கவில்லை. முன்பெல்லாம் இந்த மாதிரி இடத்தில் அவர்தான் பேசுவார். பிரீஃபண்டிங் பாலன்ஸில் (முன்பு கூடுதலாகக் கட்டி வரவாக வைத்திருக்கும் தொகை; ஏஎஃப்டாப் கணக்கில் சொத்திலிருந்து கழிக்கப்படும்) ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் சொத்தின் பக்கம் ஏறும் என்று நானே சொல்லி, அவர்களும் அப்படியே செய்து 80-ஐத் தாண்டினார்கள். மேலாளர் அன்று ஏன் பேசவில்லை என்று நான் கேட்கவில்லை.

மஞ்சள்_மண்டலம்

கூட்டுவட்டிக்கு: இரண்டு மூன்று வருஷம் காத்திருங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 10 வருஷத்துக்குள் வரும் அனுபவம்தான் கணக்கு. நடுவில் சில வருஷம் வேறு வேலைக்குப் போய் வந்தவர்களுக்குப் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே இருக்கும். நள்ளிரவு, அவர் அடித்துக் கொடுத்த அந்தப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாதியென்றாலும் அது எழுத்தில் வந்த பாதி. மிச்ச மாதங்களுக்கு வேறு யாருக்குக் கீழே வேலை பார்க்கலாம் என்று இப்போதே தேடுங்கள்.