மறு: பழைய ஓனர் செஞ்சு வச்ச அரைகுறை மாடிஃபிகேஷனுக்குத் தமிழ்ச்சொல் – ‘ஒப்பேற்று’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்.

இழை நீளமாயிடுச்சு, ஆளுக்கொரு சொல் சொல்லியாச்சு, அதனால வந்ததையெல்லாம் ஒரே மடல்ல எடுத்து வச்சுப் பேசிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

நமக்கு வேண்டியது ரெண்டு சொல். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒண்ணு கைக்கு வருது, முன்னாடி வச்சிருந்தவர் அத தூக்கி, பெரிய டயர் போட்டு, லைட்டு கட்டி, ஸ்நார்க்கல் (தண்ணியில போகும்போது இஞ்சினுக்கு மேலேர்ந்து காத்து இழுக்கற குழாய்) மாட்டி வச்சிருக்கார், பாதி வேலை முறையா இல்ல. அவர் செஞ்ச அந்த வேலைக்கு ஒரு பேர் வேணும். அத நாம பிரிச்சுப் பாத்து ஒழுங்கா செய்யறோமே, அதுக்கு ஒரு பேர் வேணும். ரெண்டையும் இப்ப ‘ரிப்பேர்’னு ஒரே சாக்குல போட்டுக் கட்டறோம், அதுதான் எனக்கு ஆகல.

> ‘தவறான மாற்றியமைப்பு’ன்னே சொல்லலாமே. படிச்ச உடனே புரியுது. புதுச்சொல் எதுக்கு?

ஐயா, புரியும்தான், ஆனா பழி மாற்றியமைப்பு மேல விழுந்துடுது. வண்டிய 2 இன்ச் தூக்கறது தப்பே இல்ல, தூக்குனா கூடவே செய்ய வேண்டிய மத்த வேலைய விட்டதுதான் தப்பு. முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கும் முழு ஆக்சிலும் இருக்கற வண்டிய எடுத்துக்கோங்க. ஸ்பிரிங் மேல ஸ்பேசர்னு ஒரு தடிப்புத் துண்டு வச்சுத் தூக்குனதும், ஸ்டீரிங்லேர்ந்து சக்கரத்துப் பக்கம் போற டிராக் லிங்க் கம்பி, ஆக்சில பக்கவாட்டுல பிடிச்சிருக்கற பேன்ஹார்ட் ராடு ரெண்டும் சரிஞ்சு நிக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா சரிஞ்சிருந்தா பெரிய தொல்லை இல்ல. ஆனா முன்னாடி வச்சிருந்தவர் டிராக் லிங்க் சரிவா இருக்கறத மட்டும் பாத்துட்டு, கீழ இறங்குன மாதிரி வளைஞ்ச பிட்மேன் ஆர்ம் (ஸ்டீரிங் பெட்டியையும் டிராக் லிங்கையும் இணைக்கற கை) ஒண்ணு வாங்கி மாட்டுவார், டிராக் லிங்க் நேராயிடும், பேன்ஹார்ட் ராடு பழைய சரிவுலயே நிக்கும். இனிமே ரெண்டும் வேற வேற வளைவுல ஏறி இறங்கும், அதனால பள்ளத்துல சக்கரம் இறங்குற ஒவ்வொரு தடவையும் ஓட்டுறவர் திருப்பாமலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நின்ன வண்டியக் கீழ குனிஞ்சு பாத்தா எல்லாம் நேரா, அழகா இருக்கும்.

பின்பக்கம் இதவிட மறைவா ஒண்ணு நடக்கும். சில வண்டியில பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியோட அடிச்சட்டம்) நடுவுல ஒரு கம்பி வச்சு, பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக் அழுத்தத்த கூட்டிக் குறைக்கற வால்வு இருக்கும். பாரம் ஏறுனா சேஸிஸ் தாழும், இடைவெளி குறையும், வால்வு பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் விடும். நீங்க வண்டியத் தூக்குனதும் இடைவெளி கூடிடுது, வண்டி காலியா இருக்குன்னு வால்வு எடுத்துக்குது, முழுப் பாரத்தோட போனாலும் பின் பிரேக்குக்குக் குறைஞ்ச அழுத்தம்தான். அந்தக் கம்பியோட பிராக்கெட்ட தூக்குன அளவுக்குத் தக்கபடி மாத்திச் சரிபண்ணணும், இத விட்டவங்கதான் அதிகம். பிரேக் எண்ணெய் போற ரப்பர் குழாய், அதாவது பிரேக் ஹோஸும் அப்படித்தான், சக்கரம் தரையில இருக்கும்போது நீளம் போதும், ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது ஹோஸ் விறைச்சு இழுபடும்.

இது எதுலயும் உடைஞ்ச பாகம்னு ஒண்ணும் கிடையாது. அதனாலதான் ‘பழுது’ன்ற சொல்லும் ஒத்துவராதுன்னு சொல்றேன். பழுதுன்னா வேலை செய்யாம நின்னது. இங்க எல்லாம் வேலை செய்யுது, ஆனா தொல்லை ஓர் இடத்துலேர்ந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளப்பட்டு அங்க காத்துக்கிட்டிருக்கு. நாம தேடற சொல் இதச் சொல்லியே ஆகணும்.

> ‘சொதப்பல்’, ‘குளறுபடி’ எல்லாம் மக்கள் வாய்ல இருக்கே தம்பி.

அக்கா, சொதப்பல்னா பாத்த உடனே தெரிஞ்சிடும். இது தெரியாது, தெரியாம இருக்கறதுதான் இதோட குணமே. குளறுபடின்னா மொத்த நிலைமைக்குப் பொருந்தும், ஒரு தனி வேலையக் காட்டி ‘இது ஒரு குளறுபடி’ன்னு சொல்ல வராது.

‘ஒட்டுவேலை’ முதல்ல எனக்கும் பிடிச்சிருந்தது, ஆனா சேஸிஸ் வேலை தெரிஞ்சவங்க ஒத்துக்க மாட்டாங்க. சேஸிஸ்ல விரிசல் விட்டா, விரிசலோட ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு அது மேல பரவாம நிறுத்தி, விரிசல வெட்டி நிரப்பி வெல்டு வச்சு, மேல சாய்சதுர வடிவத்துல ஒரு தகடு வச்சுப் பத்தவைப்பாங்க. ஏன் சாய்சதுரம்னா, நேர்சதுரத் தகடு வச்சா அதோட நிமிர்ந்த விளிம்பு நெடுக ஒரே கோட்டுல சூடு வாங்குன இரும்பு நிக்கும், அடுத்த விரிசல் சரியா அந்தக் கோட்டுலதான் விழும். சாய்ச்சு வச்சா பாரம் ஒரே கோட்டுல விழாமப் பரவுது. இது ஒட்டுதான், ஆனா முறையான ஒட்டு. அந்தச் சொல்ல வசவா மாத்துனா நல்ல வேலைக்குப் பேர் இல்லாமப் போயிடும்.

‘முன்வினை’ன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, கேக்க நல்லாருக்கு, ஆனா படிக்கறவங்க மனசு பாவ புண்ணியத்துக்குப் போயிடும், வண்டிக்கு வராது. அதோட ‘முன்’னுன்னு வச்சுட்டா முந்தி வச்சிருந்தவர் செஞ்சதுக்கு மட்டும்தான் அந்தச் சொல்லு, விக்கறவர் அவசரத்துல செஞ்சதுக்கும், பட்டறையில செஞ்சதுக்கும், நாமளே நாளைக்கு செய்யப்போறதுக்கும் ஆகாது. ஆள விட்டுட்டு வேலையப் பேசற சொல்தான் வேணும்.

அதனாலதான் ‘ஒப்பேற்று’. “எப்படியோ ஒப்பேத்திட்டான்”னு சொல்றோம் பாருங்க, அதுல எல்லாமே இருக்கு: காரியம் நடந்துச்சு, முறையா நடக்கல, இப்போதைக்கு ஓடும். அடி, கட்டு, பாராட்டு மாதிரி வினைப்பகுதியே பெயரா நிக்கறது நமக்குப் புதுசில்ல, முதனிலைத் தொழிற்பெயர்னு இலக்கணமே இடம் கொடுக்குது. செஞ்சு வச்ச பொருள் ‘ஒப்பேற்று’, செய்யற செயல் ‘ஒப்பேற்றல்’, வினை ‘ஒப்பேற்றினார்’, பேச்சுல ‘ஒப்பேத்துனது’. பட்டறையில நிக்கறவர்கிட்ட சொன்னா விளக்கம் கேக்க மாட்டார்.

> அரங்கேற்று – அரங்கேற்றம் போல ‘ஒப்பேற்றம்’னு வச்சா இன்னும் செம்மையா இருக்குமே?

இருக்கும், ஆனா நாம பேசறது தூக்குன வண்டியப் பத்தி, வண்டியத் தூக்கற அந்த லிஃப்ட்டுக்கு ‘ஏற்றம்’னு ஒரு பரிந்துரை ஏற்கனவே இருக்கு. ஒரே பத்தியில ‘ஏற்றம்’, ‘ஒப்பேற்றம்’ ரெண்டும் வந்தா படிக்கறவர் ஏதோ ஒரு வகை லிஃப்ட்டுன்னு நினைப்பார். அதனால ஒப்பேற்றுன்னே இருக்கட்டும்.

ஒயரிங்ல இந்தச் சொல் எவ்வளவு பொருந்துதுன்னு பாருங்க. நான் பிரிச்ச ஒரு வண்டியில டேஷ்போர்டுக்குக் கீழ கைய விட்டா கறுப்பு டேப் சுத்துன ஒரு உருண்டை, பசை இளகி விரல்ல ஒட்டுது. உரிச்சா உள்ள ஒரே நிறத்துல மூணு ஒயர், ரெண்டு கையால முறுக்குனது, மூணாவது அழுத்திக் கடிக்கற கிளிப் போட்டுக் கிளையா எடுத்தது, கிளிப்போட பல்லு செம்புக் கம்பியில பாதி இழைய அறுத்திருக்கு, மீதி பச்சை பூத்துப் போயிருக்கு. அதப் பிடிச்சுக்கிட்டே போனா ஃபியூஸ் பெட்டி, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல மடிச்சு வச்ச வெள்ளித்தாள். ஏன்னு கணக்குப் போட்டா புரியும். 55 வாட் பல்பு ரெண்டுன்னா 110 வாட், 12 வோல்ட்டுக்கு 9 ஆம்பியர் சொச்சம். 100 வாட் பல்பு ரெண்டா மாத்துனா கிட்டத்தட்ட 17 ஆம்பியர், அதே மெல்லிசு ஒயர், அதே ஸ்விட்ச். ஃபியூஸ் போயிருக்கும், பெரிய ஃபியூஸ் போட்டிருப்பார், திரும்பப் போயிருக்கும், வெள்ளித்தாள் வச்சிருப்பார். லைட்டு எரிஞ்சுது, காரியம் ஆச்சு. ஆனா ஃபியூஸ் காப்பாத்தறது பல்ப இல்ல, ஒயர. பாடப்புத்தகத்துல ‘மின் உருகி’ன்னு வச்சாங்களே, எவ்வளவு சரியான சொல் பாருங்க, உருகறதுக்குன்னே இருக்கறத எடுத்துட்டா அடுத்து உருகப்போறது ஒயர்தான், அதுவும் கார்பெட்டுக்கு அடியில.

இதத் திருத்தறதுன்னா ஃபியூஸ மட்டும் மாத்துனா தீராது. பேட்டரிக்குப் பக்கத்துலயே ஒயர் தாங்கற அளவுக்கு ஒரு ஃபியூஸ், அங்கேர்ந்து ரிலேவோட (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்ட ஓட விடற ஸ்விட்ச்) 30ன்னு நம்பர் போட்ட முனைக்குத் தடிமனான ஒயர், 87ம் முனையிலேர்ந்து லைட்டுக்கு, 85, 86 ரெண்டு முனையில ஒண்ணு ஸ்விட்சுக்கு ஒண்ணு எர்த்துக்கு. அப்ப ஸ்விட்ச் வழியா ஓடறது ரிலேவோட காயில இயக்கற சின்ன கரண்ட்தான். கையால முறுக்குன இடத்தையெல்லாம் வெட்டி எறிஞ்சு, அழுத்தி இறுக்கற கிரிம்ப் முனை போட்டு, சூட்டுல சுருங்கற குழாய் மாட்டணும்.

> ஒப்பேத்தறதுல திறமையும் இருக்கே. காட்டுக்குள்ள நின்ன வண்டிய கம்பியக் கட்டி வீடு கொண்டுவந்து சேக்கறவன திட்டலாமா?

திட்டக்கூடாது அண்ணே, அதனாலதான் இந்தச் சொல் எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு, இதுல திட்டு இல்ல. வழியில செய்யற ஒப்பேற்று நல்ல ஒப்பேற்று, வீடு வந்ததும் அவிழ்த்துட்டா அதோட கதை முடிஞ்சது. அவிழ்க்காம அப்படியே தங்கி, வண்டியோட சேர்ந்து கை மாறும்போதுதான் தொல்லை. ‘தற்காலிக ஒப்பேற்று’, ‘தங்கிய ஒப்பேற்று’ன்னு அடை சேத்துப் பிரிச்சுக்கலாம்.

இன்னொரு விசயம் இருக்கு. வித்தியாசமா தெரியற எல்லாமே ஒப்பேற்று இல்ல. பின் ஆக்சிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்ச ஆப்புத் தகடு இருக்கும், ஏதோ கிடைச்சத சொருகியிருக்கார்னு தோணும். தூக்குனதுல, இஞ்சின் சுழற்சிய பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோற ப்ரொபெல்லர் ஷாஃப்டோட கிராஸ் (வளையற மூட்டு) கோணம் மாறிடும், ஆக்சில கொஞ்சம் சாய்ச்சு அந்தக் கோணத்த சரிபண்றதுக்குன்னே வைக்கற தகடு அது. ரெண்டு பக்கமும் ஒரே அளவா, நடுவுல இருக்கற போல்ட்டு தகட்டோட ஓட்டையில சரியா உக்காந்திருக்கான்னு பாக்கணும், உக்காந்திருந்தா அது முறையான வேலை. பாக்காமக் கழட்டி வீசுனா வேகம் எடுக்கும்போது அடியிலேர்ந்து அதிர்வு வரும், அப்புறம் கிராஸ மாத்து, சென்டர் பேரிங்க மாத்துன்னு செலவு ஓடும். கழட்டறதுக்கு முன்னாடி, இத ஏன் செஞ்சார், எந்தத் தொல்லைக்காக செஞ்சார்னு கண்டுபிடிச்சே ஆகணும், பாதி வேலை அதுதான்.

இங்கதான் ரெண்டாவது சொல்லுக்கு வரேன். ‘மீட்டமைப்பு’ன்னு நாலஞ்சு பேர் எழுதியிருக்கீங்க. கணினியில அது முன்னாடி இருந்த நிலைக்கே கொண்டுபோறது. நாம பெரும்பாலும் கம்பெனியிலேர்ந்து வந்த நிலைக்குப் போறதில்ல, லிஃப்ட் இருக்கட்டும், பெரிய டயர் இருக்கட்டும், அதுக்கு வேண்டிய மிச்ச வேலைய முடிக்கறோம், அவ்வளவுதான். 29 இன்ச் டயருக்குப் பதிலா 33 இன்ச் போட்ட வண்டி நிஜத்துல 100ல போகும்போது ஸ்பீடோமீட்டர் 88 காட்டும். இதுக்காக டயர மாத்தணும்னு இல்ல, மீட்டரத் திருத்தலாம், கியர் விகிதத்த டயருக்குத் தக்கபடி மாத்தலாம். இத மீட்டமைப்புன்னு சொன்னா பொய்.

‘ஒப்பேற்று நீக்கம்’ன்னா எடுத்துப் போட்டதோட நின்னுடுது. ஸ்நார்க்கல் வாயக் கையால மூடுனா இஞ்சின் திணறி நிக்கணும், நிக்கலன்னா குழாய் நடுவுல எங்கியோ காத்து உள்ள வருது, தண்ணியும் அதே வழியா வரும். அப்ப ஸ்நார்க்கலக் கழட்டிப் போட்டுட்டா போதுமா? இணைப்ப ஒழுங்கா அடைச்சு, ஏர் ஃபில்டர் பெட்டியோட அடியில இருக்கற வடிகால் ஓட்டையையும் பாத்து, மறுபடி மாட்டறதுதானே வேலை.

அதனால என் பரிந்துரை ‘களைந்தமைப்பு’. பிழை களைதல், குறை களைதல்னு நமக்குப் பழக்கமான களைதல்தான், அதோட அமைப்பு. களைஞ்சு அமைக்கறது. மாற்றியமைப்பு எப்படிக் கட்டியிருக்கோ அதே கட்டு, அதனால அதுக்குப் பக்கத்துல இயல்பா உக்காருது.

சொற்பட்டியல்ல சேக்கறதுக்கு வாக்கியம் கேட்டிருந்தீங்க, இதோ:

“இந்த வண்டியின் முன்பக்க லிஃப்ட் முறையான மாற்றியமைப்பு, விளக்கு இணைப்பு ஒப்பேற்று.”

“வாங்குமுன் பிரேக் ஹோஸ், ஒயரிங், சேஸிஸ் வெல்டு மூன்றிலும் ஒப்பேற்று உள்ளதா எனப் பார்க்கவும்.”

“களைந்தமைப்பு முடியும்வரை இந்த வண்டியில் பாரம் ஏற்ற வேண்டாம்.”

மூணாவது வாக்கியம் கொஞ்சம் விறைப்பா இருக்கோன்னு தோணுது, யாருக்காவது இதவிட இளகுன சொல் தோணுனா எழுதுங்க, களைந்தமைப்ப விட்டுக்கொடுக்க நான் தயார். ஒப்பேற்ற மட்டும் விடமாட்டேன். பேன்ஹார்ட் ராடு, டிராக் லிங்க் ரெண்டுக்கும் தமிழ்ல என்னன்னு தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார், அது தனி இழையா போகட்டும், இதோட கலந்தா ரெண்டும் முடியாது.

அன்புடன்.