போலந்து மாணவர்களுக்கு ஆங்கில மனப்பாங்குச் சொற்கள்: ‘நடுநிலை’ என்ற பத்தியை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: செம்பனைச்சாலை, சுங்கை சிப்புட்

வணக்கம். பகலில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலேசியாவின் எஸ்.பி.எம்., மூயெட் தேர்வுகளுக்கான ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். இரவில் இணையவழியாகப் போலந்து மாணவர்கள் சிலருக்கு, அவர்கள் நாட்டின் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான மத்துராவுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். கோடையில் நமக்கு இரவு 10 மணி ஆகும்போது அங்கே மாலை 4 மணிதான் என்பதால் இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருக்கிறது.

மனப்பாங்கைக் குறிக்கும் சொற்களில்தான் அவர்கள் திரும்பத் திரும்ப இடறுகிறார்கள். அவர்களிடம் உள்ள சொற்பட்டியல் நேர்மறை, எதிர்மறை, நடுநிலை என்று மூன்று பத்திகளாகப் பிரிந்திருக்கிறது. ‘இண்டிஃபரன்ட்’, ‘இம்பார்ஷியல்’, ‘டிடாச்ட்’, ‘ஆம்பிவலன்ட்’ ஆகிய நான்கும் நடுநிலைப் பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அணைக்கட்டுத் திட்டம் ஒன்றைப் பற்றி இரு தரப்பு வாதங்களையும் நியாயமாக எடுத்துச் சொன்ன செய்திக் கட்டுரையைப் படித்த ஒரு மாணவி, அதை எழுதியவரின் மனப்பாங்கு ‘இண்டிஃபரன்ட்’ என்று விடை எழுதினாள். அதே மாணவி, தேநீரா காப்பியா என்று கேட்கும் உரையாடல் பயிற்சியில், மிகப் பணிவான குரலில் ‘ஐ டோன்ட் கேர்’ என்றாள். அவள் மனத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. தேர்வாளருக்கோ, நாளை அவளோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கோ அது தெரியப்போவதில்லை.

நடுநிலைச் சொற்களை அவர்கள் மனத்தில் பதியும்படி எப்படிப் பிரித்துக் காட்டுவது? எதிர்மறைச் சொற்களில் போலந்து மொழி பேசுவோரைக் குறிப்பாகத் தவறான வழியில் இழுப்பவை எவை? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பால்மரத்தடி (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த மூன்று பத்திப் பட்டியலை முதலில் ஒதுக்கி வையுங்கள். எதிர்மறைப் பத்தியாவது ஓரளவு பயன்படும். நடுநிலைப் பத்தி தீங்குதான் செய்கிறது. அதில் அடுக்கப்பட்டுள்ள சொற்களுக்குப் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்: அந்த மனப்பாங்கு உடையவர் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. ஏன் அப்படி நிற்கிறார் என்பதில்தான் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. அக்கறையே இல்லாததால் பேசாமல் இருப்பவர் இண்டிஃபரன்ட். அக்கறை இருந்தும், நியாயத்தை முன்னிட்டு எந்தப் பக்கமும் சாயாதவர் இம்பார்ஷியல். உணர்ச்சி தம்மைத் தொடாதபடி விலகி நின்று பார்ப்பவர் டிடாச்ட். விருப்பும் வெறுப்பும் ஒரே நேரத்தில் உள்ளே மோதுவதால் முடிவுக்கு வர இயலாதவர் ஆம்பிவலன்ட். இவரிடம் உணர்ச்சி குறைவாக இல்லை, இரண்டு மடங்காக இருக்கிறது. இப்படிப்பட்டவரை உணர்ச்சியே அற்றவரோடு ஒரே பத்தியில் நிறுத்துவது பெரும் அநியாயம்.

நம் ஊர் மாணவர்களுக்கு நான் ஒரு சூழலைச் சொல்லி விளக்குவது வழக்கம். தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயத்து வீடுகளின் (வரிசை வீடுகளின்) கூரை ஒழுகுகிறது; குடியிருப்போர் பலமுறை முறையிட்டும் மேலாளர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் இண்டிஃபரன்ட். செய்தி எழுத வந்த நிருபர் குடியிருப்போரையும் மேலாளரையும் கேட்டு இரண்டையும் எழுதுகிறார். அவர் இம்பார்ஷியல். அரசாங்கக் குறைந்த விலை வீட்டுக்கு மாற வாய்ப்புக் கிடைத்த ஒரு பாட்டிக்குச் சொந்த வீடு என்ற மகிழ்ச்சியும், கோயிலையும் அண்டை அயலாரையும் விட்டுப் போகும் வருத்தமும் சேர்ந்தே இருக்கின்றன. அவர் ஆம்பிவலன்ட். மேலாளரைக் குறிக்கும் சொல்லில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருப்பதை மாணவர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள். பிறர் துன்பத்தின் முன்னால் வைக்கப்படும்போது ‘இண்டிஃபரன்ட்’ நடுநிலைச் சொல் அன்று; அது கண்டனம். ‘டிடாச்ட்’ என்பதும் அப்படித்தான். ஒரு நீதிபதியைப் பற்றிச் சொன்னால் பாராட்டாகக்கூட இருக்கலாம். ஒரு தாயைப் பற்றிச் சொன்னால் குறை.

தேநீர் உரையாடலுக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கும் அதே சிக்கல் உண்டு, ஏனெனில் அவர்கள் நாள்தோறும் மலாயில் ‘தாக் கிசா’ என்று சொல்கிறார்கள். ‘எதுவானாலும் சரி’ என்ற இணக்கத்துக்கும் அதுதான், ‘எனக்கென்ன வந்தது’ என்ற அலட்சியத்துக்கும் அதுதான்; குரலும் முகமும்தான் வேறுபாட்டைக் காட்டும். ஆங்கிலம் அந்த வேலையைக் குரலிடம் விடாமல் இரண்டு வெவ்வேறு தொடர்களாகப் பிரித்து வைத்திருக்கிறது: இணக்கத்துக்கு ‘ஐ டோன்ட் மைண்ட்’, அலட்சியத்துக்கு ‘ஐ டோன்ட் கேர்’. இரண்டாவதை எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அது பணிவாகாது. போலந்து மொழியிலும் ‘தாக் கிசா’ போன்ற ஒரு பொதுச்சொல் இருக்கிறதா என்பதை அந்த மொழி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். இருந்தால் உங்கள் மாணவியின் பதிலுக்கு அதுவே விளக்கம்.

‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்ற சொல்லையும் இம்பார்ஷியலுக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பியுங்கள். தன்னலம் கலவாத நடுநிலை என்பதே அதன் பொருள். ஆர்வமின்மைக்கு ‘அன்இன்ட்ரஸ்டட்’ இருக்கிறது.

பதில்: மாலைநேர மருத்துவர்

பால்மரத்தடி ஐயாவின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். போலந்தில் மருத்துவம் படித்த மலேசியர்களில் நானும் ஒருத்தி. பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளிகளோடு பேசுவதற்குப் போலந்து மொழியைக் கற்றே ஆக வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்ட பொதுச்சொல் அந்த மொழியில் இருக்கிறது. அது ‘ஒபொயெந்த்னி’. ‘இரண்டும்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது; இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் ஒன்றே என்பது அதன் உட்கருத்து. துன்பத்தைக் கண்டும் இரங்காதவரையும் இச்சொல்லால் குறிப்பார்கள். தேநீரா காப்பியா என்று கேட்டால், எந்தக் கசப்பும் இல்லாமல் இதன் வினையடை வடிவமான ‘ஒபொயெந்த்னியே’ என்பதையே பதிலாகச் சொல்வார்கள். ‘ஃப்ஷிஸ்த்கோ மி யெத்னோ’, அதாவது எனக்கு எல்லாம் ஒன்றுதான், என்ற தொடரும் அப்படியே. வேதியியலில் அமிலமும் காரமும் அல்லாத கரைசலைக் குறிப்பதும் இதே ‘ஒபொயெந்த்னி’தான். பள்ளிப் பாடத்தில் முற்றிலும் குற்றமற்ற பொருளில் பழகிய சொல்லுக்கு, அகராதியில் முதலில் கிடைக்கும் ஆங்கில இணை ‘இண்டிஃபரன்ட்’ என்றால், அதில் கண்டனம் இருப்பதாக அந்த மாணவி எப்படி ஊகிப்பாள்? ஆனால் பக்கச்சார்பின்மைக்கு அவர்களிடம் ‘பெஸ்ஸ்த்ரொன்னி’ என்ற தனிச்சொல் இருக்கிறது. ‘பக்கம் இல்லாத’ என்று அப்படியே பிரித்துப் பார்க்கலாம். இம்பார்ஷியலை அதனோடு இணைத்துவிட்டால் செய்திக் கட்டுரைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது என்பது என் கருத்து. ஒலியில் ஒத்து, மதிப்பீட்டில் மாறுபடும் சொற்களே போலந்து மாணவர்களுக்கு மிகப் பெரிய பொறி. ‘ஒர்தினார்னி’ என்றால் அங்கே கொச்சையான, அநாகரிகமான என்று பொருள். ஆங்கிலத்தின் ‘ஆர்டினரி’யோ வெறும் சாதாரணம். எனவே ‘ஆர்டினரி பீப்பிள்’ என்ற தொடரை வசையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ‘பாதெதிச்னி’ என்பது உயர்ந்த தொனியில் உணர்ச்சி பொங்கப் பேசுவதைக் குறிக்கும். ‘பதெட்டிக்’ என்பதோ இன்றைய பேச்சில் பெரும்பாலும் இகழ்ச்சி. ஒரு தலைவரின் உரையைப் பற்றி மாணவர் அப்படி எழுதினால், தாம் நினைத்ததற்கு நேர்மாறானதை எழுதியவராவார். ‘சிம்பாதிச்னி’ என்றால் பழக இனிமையானவர். ‘சிம்பதெட்டிக்’ என்றால் பரிவுடையவர், அல்லது ஒரு தரப்பை ஆதரிப்பவர். கட்டுரை ஆசிரியர் வேலைநிறுத்தக்காரர்கள்மீது ‘சிம்பதெட்டிக்’ என்று விடைத்தெரிவில் இருந்தால், அது அவருடைய நிலைப்பாட்டைச் சொல்கிறது, குணத்தைச் சொல்லவில்லை. ‘பிரெதென்ஸ்யெ’ என்பது ஒருவர்மீது வைத்திருக்கும் மனக்குறை. அதற்கு ‘பிரிடென்ஷன்’ பொருந்தாது. ‘கிரட்ஜ்’ அல்லது ‘ரிசென்ட்மென்ட்’ என்பதே வேண்டும்.

ஒரு சொல்லில் நிலைமை தலைகீழ். சந்தேகப்படுகிறவருக்கு ‘பொதெய்ஜ்லிவி’ என்றும், சந்தேகத்துக்கு இடமளிக்கிறவருக்கு ‘பொதெய்ஜானி’ என்றும் போலந்து மொழி இரு சொற்களை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘சஸ்பிஷஸ்’ இரண்டுக்கும் பொது. ஆகவே சொல் தெரிந்திருந்தாலும் போதாது. சந்தேகம் யாரிடம் இருக்கிறது, யார்மீது இருக்கிறது என்று வாக்கியத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘ஹி இஸ் சஸ்பிஷஸ் ஆஃப்’ என்று தொடர்ந்தால் சந்தேகப்படுகிறவர் அவரேதான்.

ஐயா சொன்ன லயத்துச் சூழல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதற்கு அங்கேயே ஓர் இணை உண்டு. 1949 முதல் போலந்தில் ‘பெ-கியெ-எர்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அரசுப் பண்ணைகள் இருந்தன; பண்ணையை ஒட்டியே தொழிலாளர் குடியிருப்புகளும் இருந்தன. 1991ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அவை கலைக்கப்பட்டன. வேலை போனது, குடியிருப்பு மட்டும் நின்றது. அந்தப் பண்ணைக் காலத்தைப் பற்றி ஒரு தாத்தா ஏக்கமும் கசப்பும் கலந்து பேசுவதாக ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள். ‘ஆம்பிவலன்ட்’ என்றால் என்ன என்று அதற்குப் பிறகு விளக்கவே வேண்டியிருக்காது.

பதில்: மேட்டுத்தோட்டம்

பால்மரத்தடி ஐயாவின் பதிவில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ பற்றிய அறிவுரையை மட்டும் ஏற்க இயலவில்லை. அச்சொல் ஆர்வமின்மை என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியிருக்கிறது. இன்றைய நாளிதழ்களிலும் பேச்சிலும் அப்பொருள் மிகப் பரவலாக இருக்கிறது. மாணவர் தம் கட்டுரையில் இதை எழுதினால், படிப்பவர் எந்தப் பொருளை எடுப்பார் என்பதற்கு உறுதி இல்லை. போலந்து மாணவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: அவர்களுடைய ‘பெஸின்தெரெசொவ்னி’ என்ற சொல் கைம்மாறு கருதாத உதவியைக் குறிப்பது. ‘டிஸ்இன்ட்ரஸ்டட் ஹெல்ப்’ என்று அவர்கள் எழுதக்கூடும். ஆங்கிலம் படிப்பவருக்கு அது வேண்டாவெறுப்பான உதவியாகத் தோன்றலாம். எழுதுவதற்கு இம்பார்ஷியல் ஒன்றே போதும். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ படித்தால் புரிய வேண்டிய சொல்லாக மட்டும் இருக்கட்டும்.

பதில்: பால்மரத்தடி

மேட்டுத்தோட்டம் சொல்வது எழுத்துக்கு நியாயம்தான், அப்படியே செய்யுங்கள். இருந்தாலும், தன்னலம் கலவாத தீர்ப்பைக் குறிக்க அதைவிட நுட்பமான சொல் ஆங்கிலத்தில் இல்லை என்பதால், மேல்நிலை மாணவர்களுக்கு அதன் பழைய பெருமையைச் சொல்லிக் கொடுப்பதை நான் கைவிட மாட்டேன். முன்பு ஆங்கிலத்தில் ‘இண்டிஃபரன்ட்’ என்பதற்கே பக்கச்சார்பற்ற என்ற நற்பொருள் இருந்தது. காலப்போக்கில் அது அக்கறையின்மையாகச் சாய்ந்தது. ‘இண்டிஃபரன்ட் மீல்’ என்றால் சுமாரான சாப்பாடு என்ற இன்னொரு பொருளும் இன்று உண்டு. உங்கள் மாணவி தேர்ந்த விடை சில நூற்றாண்டுகளுக்கு முன் சரியாகவே இருந்திருக்கும் என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் மகிழ்வாள், பொருள் மாறியதையும் மறக்க மாட்டாள்.

கேள்வி கேட்டவர்: செம்பனைச்சாலை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அரசுப் பண்ணைத் தாத்தாவைப் பற்றிய பத்தியை இந்த வாரமே எழுதப் போகிறேன். இன்னும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். சொல்லைச் சரியாகத் தேர்ந்த பிறகும், அதை அடுத்து வரும் முன்னிடைச்சொல்லில் தவறு செய்கிறார்கள். ‘பிரெஜுடிஸ்ட் டு’ என்கிறார்கள், ‘டிஸ்லைக் டு ஹிம்’ என்கிறார்கள். மருத்துவர் அம்மா, இதற்கும் அவர்கள் மொழியில் காரணம் இருக்கிறதா?

பதில்: மாலைநேர மருத்துவர்

இருக்கிறது. அந்த மொழியில் வெறுப்பு, முன்முடிவு போன்றவை பெரும்பாலும் ‘தோ’ என்ற முன்னிடைச்சொல்லை ஏற்கும். அதன் முதற்பொருள் ‘நோக்கி, வரை’ என்பதால் ஆங்கிலத்தில் ‘டு’ என்றே மாற்றிவிடுகிறார்கள். அதிலும் ‘நியெஹெஞ்ச் தோ’ என்ற ஒரே தொடர், பிடிக்காமை, செய்ய மனமின்மை, உள்ளார்ந்த பகை ஆகிய மூன்றையும் தாங்குகிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘டிஸ்லைக் ஆஃப்’ அல்லது ‘டிஸ்லைக் ஃபார்’, இரண்டாவதற்கு ‘ரிலக்டன்ஸ்’, அதற்குப் பின் ‘டு’வும் வினையும், மூன்றாவதற்கு ‘ஹாஸ்டிலிட்டி டுவர்ட்ஸ்’. முன்முடிவுக்கு ‘பிரெஜுடிஸ்ட் அகெய்ன்ஸ்ட்’. இகழ்ச்சிக்கு மட்டும் சிரமம் குறைவு: ‘பொகார்தா த்லா’ என்பதும் ‘கன்டெம்ப்ட் ஃபார்’ என்பதும் அழகாகப் பொருந்துகின்றன. இவற்றைத் தனிச்சொல்லாக எழுதிக் கொடுக்காமல், முன்னிடைச்சொல்லும் பெயரும் சேர்ந்த முழுத் தொடராகவே எழுதிக் கொடுங்கள்.

வெறுப்பின் அளவுகளில் அவர்களுக்கு உதவி தேவைப்படாது. ‘நியே ப்ஷெபாதாம் ஸா’ என்று அவர்கள் நாள்தோறும் சொல்வது, அவ்வளவாகப் பிடிக்காது என்னும் மென்மையான மறுப்பு. ‘ஐ ஆம் நாட் கீன் ஆன்’ என்பதற்கு அது அப்படியே இணை. ‘நியே ஸ்நொஷெ’ என்பது ‘ஐ கான்ட் ஸ்டாண்ட்’. அதற்கும் மேலே ‘நியெநாவிட்ஸெ’ நிற்கிறது, அது ‘ஐ ஹேட்’. மூன்று படிகளும் இரு மொழியிலும் ஒரே வரிசையில் இருப்பதால், அடுத்த பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்; தேநீர் உரையாடலில் ‘ஐ டோன்ட் மைண்ட்’ என்பதை மென்மையான மறுப்புக்கும் ஒரு படி முன்னால் வைத்துவிடுங்கள்.