புதுப்பிப்பு: மாடி அறைக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டார்கள்

நாள் வாடகைக்கு விடும் என் மாடி அறைக்கு, வாடகையைக் குறைத்தும் ஒரு முன்பதிவுகூட வரவில்லை என்று போன தடவை புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கோளாறு வாடகையில் இல்லை, விளம்பரத்தில் போட்ட அறையின் படத்தில். ராத்திரி டியூப்லைட்டில் எடுத்ததைத் தூக்கிவிட்டு, காலை 9 மணிக்கு ஜன்னல் திரையை விலக்கி, மூலையில் நின்று போனைப் படுக்கவாட்டில் பிடித்து எடுத்தேன். கட்டில்மேல் வெயில் விழும் அந்தப் படம்தான் இப்போது முதலில்.

குறைந்தது 3 இரவு தங்க வேண்டும் என்பதை 1 ஆக்கினேன். இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவே விழும் ஒற்றை நாளும் நிரம்புகிறது.

குளியலறை பொது, படி செங்குத்து என்பதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். படித்துவிட்டு வருபவர்கள் முகம் சுளிப்பதில்லை. நேற்றுக் கிளம்பிய பெண், கட்டில் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருந்ததைப் பாராட்டிச் சீட்டு எழுதி வைத்திருந்தார்! சாவி கொடுப்பதுதான் இன்னும் சரிப்படவில்லை. நள்ளிரவில் வருபவர்களுக்காக எண் பூட்டு மாட்டப்போகிறேன்.