பெரியப்பாவுக்குப் பிங்யாவ் பற்றி

(குழு: எங்கள் வீடு)

கவிதா: வந்து சேர்ந்துவிட்டேன். தையுவானிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். கோட்டைச் சுவருக்கு உள்ளேயே ஒரு பழைய வீட்டில் தங்கியிருக்கிறேன்.

அம்மா: சாப்பிட்டாயா கண்ணு? குளிர் அதிகமா?

கவிதா: சாப்பிட்டேன் அம்மா. இங்கே வான்துவோ என்று ஒன்று தருகிறார்கள். கோதுமை மாவைக் கரைத்து, சின்னத் தட்டில் ஊற்றி, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆறியதும் நீளநீளமாக நறுக்கிக் காடியும் (வினிகர்) பூண்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஷான்ஷி மாகாணத்தில் காடி இல்லாமல் சாப்பாடே இல்லை.

சித்தி: எந்தப் பக்கம் இருக்கிறது இந்த ஊர்? பெய்ஜிங் பக்கமா?

கவிதா: பெய்ஜிங்குக்குத் தென்மேற்கே, ஷான்ஷி மாகாணத்தின் நடுவில் சித்தி. பிங்யாவ் என்பது முழுக் கவுண்டிக்கும் பெயர். சுமார் 5 லட்சம் பேர் வாழ்கிறார்கள். தென்கிழக்கே மலை, வடமேற்கே சமவெளி. அந்தச் சமவெளி வழியாக ஃபென் ஆறு ஓடி மஞ்சள் ஆற்றில் சேர்கிறது. மண் எல்லாம் காற்று கொண்டுவந்து கொட்டிய மஞ்சள் மண். பூகோளத்தில் லோயஸ் என்று படித்தோமே, அது. கையில் எடுத்தால் கோலமாவு போல நழுவுகிறது. மழையும் குறைவு.

பெரியப்பா: கவிதா, சீனாவின் முதல் வங்கி தொடங்கிய ஊர் இதுதானே? நான் வங்கி வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் கேட்ட ஞாபகம். மழை இல்லாத ஊரில் அவ்வளவு பணம் எப்படி வந்தது என்று அன்றே யோசித்தேன்.

கவிதா: அதே ஊர்தான் பெரியப்பா. உங்களுக்காகத்தான் இன்று அந்த வங்கியில் அரை நாள் இருந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கவிதா: மண் கைவிட்டதால்தான் இந்த ஊர் ஆட்கள் வெளியே போனார்கள். மிங் அரச வம்சத்தின் ஆட்சியில் (1368–1644) வடக்கு எல்லைப் படைகளுக்குத் தானியம் கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரிகளுக்கு அரசு உப்பு விற்கும் உரிமை கொடுத்தது. எல்லை ஷான்ஷிக்குப் பக்கம். அங்கே தொடங்கியவர்கள் அப்புறம் தேயிலையை மங்கோலியா தாண்டி ரஷ்ய எல்லையில் கியாக்தா சந்தை வரை கொண்டுபோனார்கள். நாடு முழுக்கக் கடை வைத்தார்கள். வெள்ளிதான் அன்றைய பணம். ஒரு ஊரில் விற்ற வெள்ளியை இன்னொரு ஊருக்கு வண்டியில் ஏற்றி, ஆயுதக் காவலோடு அனுப்ப வேண்டும். வழியில் கொள்ளை பயம், செலவும் அதிகம்.

பெரியப்பா: சரி, அங்கேதான் உண்டியல் வருகிறது, ஒரு ஊரில் பணத்தைக் கட்டி இன்னொரு ஊரில் வாங்கிக்கொள்ளும் சீட்டு.

கவிதா: ஆமாம். பிங்யாவில் லீ குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சாயக்கடை இருந்தது. பெய்ஜிங்கிலும் கிளை. அதன் மேலாளர் லெய் லூதாய். தெரிந்த வியாபாரிகள் பெய்ஜிங் கிளையில் வெள்ளியைக் கட்டிவிட்டு, ஒரு கடிதத்தோடு ஊருக்கு வந்து பிங்யாவ் கடையில் வாங்கிக்கொள்வார்கள். முதலில் உதவிக்காகச் செய்தது, பிறகு கட்டணத்துக்கு. சாயத்தைவிட இதில் லாபம் என்று தெரிந்ததும் 1823 வாக்கில் சாயத் தொழிலை விட்டுவிட்டு இதையே முழுத் தொழிலாக்கிவிட்டார்கள். பெயர் ரிஷெங்சாங். இந்த மாதிரி நிறுவனத்துக்குப் பியாவ்ஹாவ் என்று பெயர்.

சித்தி: நம் செட்டியார்கள் உண்டியல் மாதிரியே இருக்கிறதே!

பெரியப்பா: முறை ஒன்றுதான். நம்பிக்கையும் கையெழுத்தும். ஆனால் போலிக் கையெழுத்தை எப்படித் தடுத்தார்கள்? என் வேலைக்காலம் முழுக்க அதுதான் தலைவலி.

கவிதா: அதைத்தான் நின்று நின்று பார்த்தேன். உண்டியல் தாளிலேயே நிறுவனத்தின் பெயர் நீர்க்குறியாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட ஊழியர்தான் எழுத வேண்டும், அவர் எழுத்து எப்படி இருக்கும் என்று எல்லாக் கிளைகளுக்கும் தெரியும். இதற்கு மேல் ரகசியக் குறி. மாதம், தேதி, தொகை எதையும் நேராக எழுத மாட்டார்கள். 12 மாதத்துக்கு 12 எழுத்து கொண்ட ஒரு வாக்கியம். 'போலி உண்டியலைக் காட்டி ஏமாற்றி வாங்காமல் பார்த்துக்கொள், எழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே' என்று அதற்கு அர்த்தம். மாதம் ஐந்து என்றால் வாக்கியத்தின் ஐந்தாவது எழுத்து. 30 நாளுக்கு 30 எழுத்தில் ஒரு பாட்டு. நன்மை தீமைக்குக் கடைசியில் பலன் உண்டு என்று அது முடிகிறது. கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை குறியை மாற்றிவிடுவார்களாம்.

பெரியப்பா: அபாரம். கணக்கு எழுதும்போதெல்லாம் எச்சரிக்கையும் கூடவே கண்ணில் படுகிறது. வேலை பார்த்த ஆட்கள் எப்படி?

கவிதா: பையன்களாகச் சேர்ப்பார்கள். ஜாமீன் கொடுக்க ஆள் வேண்டும். மூன்று வருடம் பயிற்சி: மணிச்சட்டம், கடிதம் எழுதுவது. வெளியூர்க் கிளைக்குப் போனால் மனைவியைக் கூட்டிப்போக முடியாது. சில வருடத்துக்கு ஒருமுறைதான் விடுப்பு.

அம்மா: ஐயோ பாவம். அந்தப் பெண்கள் எப்படி இருந்தார்களோ.

கவிதா: நானும் அதையேதான் நினைத்தேன் அம்மா. இவ்வளவு பெரிய வீடுகளில் வருடக்கணக்காகப் பெண்களும் வயதானவர்களும் மட்டும். வெளிச்சுவர் ஜன்னல் இல்லாமல் உயரமாக எழும்பி நிற்கிறது. கூரை முழுக்க உள்பக்கமாகத்தான் சரிகிறது, மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தெருவுக்குப் போகாமல் முற்றத்தில் விழும். செல்வம் வெளியே போகக் கூடாது என்ற நம்பிக்கை ஒரு பக்கம், ஆண்கள் இல்லாத வீட்டுக்குப் பாதுகாப்பு இன்னொரு பக்கம்.

பெரியப்பா: அப்படி இருந்தும் ஊழியர்கள் ஏன் விட்டுப் போகவில்லை?

கவிதா: பங்கு பெரியப்பா. முதலாளி பணம் போட்டுப் பங்கு வைத்திருப்பார். மேலாளரும் நல்ல ஊழியர்களும் உழைப்புக்குப் பங்கு பெறுவார்கள், ஒரு பைசா போடாமலே. சில வருடத்துக்கு ஒருமுறை கணக்கு முடித்து லாபத்தைப் பிரிப்பார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. 19-ஆம் நூற்றாண்டில், ஒரு சின்ன ஊரில்!

பிரபு: அக்கா, இப்போதுதான் வகுப்பு முடிந்தது. எல்லாவற்றையும் படித்தேன். அப்படி இருந்தும் ஏன் இழுத்து மூடினார்கள்?

கவிதா: தந்தி வந்தது. புதுமாதிரி வங்கிகள் வந்தன. அதுவரை மாகாண வரிப்பணத்தைத் தலைநகருக்கு அனுப்பும் வேலையெல்லாம் இவர்களிடம்தான் இருந்தது, அது மெல்லக் கைமாறியது. 1904-இல் அரசு தொடங்க இருந்த வங்கியில் சேரச் சொல்லிக் கூப்பிட்டபோது தலைமை மேலாளர்கள் மறுத்துவிட்டார்கள். 1911 புரட்சியில் கடன் வாங்கியவர்கள் எல்லாம் சிதறிவிட்டார்கள், பணம் போட்டவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். 1914-இல் ரிஷெங்சாங் நொடித்துப்போனது.

பெரியப்பா: கொடுத்த கடன் திரும்பாமல் வைப்புத்தொகையை மட்டும் ஒரே நேரத்தில் கேட்டால் எந்த வங்கியும் நிற்காது. 1904-இல் சேர்ந்திருக்க வேண்டும். தங்கள் பெயர் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

கவிதா: ஆனால் பெரியப்பா, பணம் போனதால்தான் இந்த ஊர் மிஞ்சியது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு யாரிடமும் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் காசு இல்லை. சுவருக்கு உள்ளே ஏறக்குறைய 4,000 பழைய வீடுகள் அப்படியே நிற்கின்றன.

சித்தி: சுவர் எவ்வளவு பழையது?

கவிதா: ஜோவ் வம்சத்து அரசர் ஷுவான் காலத்திலேயே, கி.மு. 9-8-ஆம் நூற்றாண்டு வாக்கில், மண் கோட்டை இருந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது நிற்பது 1370-இல் மிங் அரசு விரித்துக் கட்டியது. சுற்றளவு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே அடித்து இறுக்கிய மண், வெளியே செங்கல். மூன்று பக்கம் நேர்கோடு, தெற்குப் பக்கம் மட்டும் ஆற்றின் போக்கில் வளைந்து போகிறது. ஆறு வாயில்கள். ஆமை வடிவம் என்கிறார்கள்: தெற்கு வாயில் தலை, வடக்கு வாயில் வால், மற்ற நான்கும் கால்கள். காவல் கோபுரம் 72, சுவரின் மேல்விளிம்பில் பல் போன்ற மேடுகள் 3,000. கன்பூசியஸின் சிறந்த சீடர்கள் 72 பேர், மொத்தச் சீடர்கள் 3,000 பேர் என்ற கணக்கு.

கவிதா: (படம்) வாயிலின் கல்தரையைப் பாருங்கள். நடுவில் இரண்டு பள்ளம். வண்டிச் சக்கரம் போய்ப் போய்த் தேய்ந்தது. என் விரல்கள் முழுதாக உள்ளே போகின்றன.

பெரியப்பா: வெள்ளி ஏற்றிய வண்டிகள். எனக்கு இந்தப் படம் ஒன்றே போதும்.

சித்தி: சில வருடத்துக்கு முன் அங்கே வெள்ளம் வந்து கோட்டை இடிந்ததாக டிவியில் காட்டினார்களே, அதே ஊரா?

கவிதா: அதேதான் சித்தி. 2021 அக்டோபர். விடாமல் நாள்கணக்கில் மழை. மழை குறைவான ஊர் என்ற கணக்கில் கட்டிய மண் சுவர் இது. தண்ணீர் உள்ளே இறங்கி மண் ஊறிக் கனத்துவிட்டால் முகப்புச் செங்கல் பிடித்து நிறுத்தாது. சுமார் 25 மீட்டர் நீளம் சரிந்தது. மறுபடி கட்டிவிட்டார்கள். வானிலை இப்படியே மாறினால் வடிகால்தான் முக்கியம், அதற்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பிரபு: இடிக்கவே திட்டம் போட்டார்கள் என்று எங்கோ பார்த்தேன்.

கவிதா: சுவரை இல்லை, தெருவை. 1980 வாக்கில் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று உள்ளே பழைய வீடுகளை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஷாங்காய் தொங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யிசான் வந்து நிறுத்தச் சொன்னார். வெறும் எதிர்ப்போடு விடவில்லை, மாணவர்களோடு உட்கார்ந்து மாற்றுத் திட்டமே வரைந்து கொடுத்தார்: புது ஊரைச் சுவருக்கு வெளியே கட்டுங்கள், உள்ளே கை வைக்காதீர்கள். அதை ஏற்றுக்கொண்டார்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மனிதரைப் பார்த்தால் காலில் விழுந்து கும்பிடலாம்.

அம்மா: கோவில் எதுவும் இல்லையா?

கவிதா: இருக்கிறது அம்மா. தென்மேற்கே 6 கிலோமீட்டரில் ஷுவாங்லின். களிமண் சிலைகள் 1,500-க்கும் மேல் நல்ல நிலையில் இருக்கின்றன. காவல் தெய்வம் வெய்துவோ உடம்பை ஒரு திருப்பு திருப்பி நிற்கிறார், அப்படியே அடி எடுத்து வைப்பார் போல. நாளை சென்குவோ கோவில். அதன் மண்டபம் 963-இல் மரத்தால் கட்டியது, இன்றும் நிற்கிறது.

பெரியப்பா: தூங்குவதற்கு முன் ஒன்று. தொகைக்குக் குறி என்ன?

கவிதா: எழுதி வைத்திருக்கிறேன். 1 முதல் 10 வரை: ஜாவ், ஷி, லியென், செங், பி, யோவ், லாய், தியென், ஷியா, சுவான். பத்தாயிரத்துக்கு குவோ, ஆயிரத்துக்கு பாவ், நூறுக்கு லியூ, கடைசியில் லியாங் வெள்ளிக்குத் தொங் (லியாங் என்பது வெள்ளியை நிறுக்கும் எடை அளவு). ஐந்தாம் மாதத்துக்கு எழுத்து மாவ். இப்போது சொல்லுங்கள்: 'மாவ் மாதம், பி பாவ் செங் லியூ தொங்'.

பிரபு: இருங்கள் பெரியப்பா, நான் சொல்கிறேன்...

பெரியப்பா: ஐந்தாம் மாதம், 5,400 லியாங் வெள்ளி.

கவிதா: சரியான விடை! பணத்தைக் கொடுத்துவிடலாம்.

பிரபு: பெரியப்பா ரொம்ப வேகம். அக்கா, எனக்கு நாளை வேறொன்று அனுப்பு.